நான்காம் படிக்குக் கீழே

ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. நீ பாதியில் கிழித்துப் போட்டாலும் மீதியில் என்ன இருந்தது என்று தெரியவேண்டும். அதனால் முதலிலேயே எண் போட்டுத் தருகிறேன்.

1. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்ன "சரி" செல்லாது.
2. படகு விற்பனைக்கு இல்லை.
3. படகுக்கு ஒரு மோட்டார் வாங்கிவிட்டேன். அதை மாட்ட, ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தாங்கி வாங்கப்போகிறேன்.
4. இனி அந்தப் படகில் ஏறப்போவது நான் ஒருவன்தான். அளவு, எடை எல்லாம் அந்தக் கணக்கில்தான்.
5. உன்மேல் கோபம் இல்லை.

இனி விளக்கம்.

நீ முப்பத்தாறு வருஷம் நர்ஸாக ஆஸ்பத்திரி வார்டில் பேசிப் பழகியவள். ஒரு கோடியில் நின்று நீ அதட்டினால் மறு கோடியில் படுத்திருப்பவன் மாத்திரையை விழுங்கிவிடுவான். போனிலும் அதே குரல்தான். அதைக் கேட்டதும் என் வாய் தானாகச் "சரி" என்கிறது. படகை ஏரிக்கரை விடுதிக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்றாய், சரி என்றேன். வீட்டைப் பூட்டிவிட்டு உன் வீட்டு மாடி அறைக்கு வந்துவிடு என்றாய், சரி என்றேன். மாதக் கடைசிக்குள் என்றாய், அதற்கும் சரி. போனை வைத்த பிறகுதான் எதையெல்லாம் கொடுத்துவிட்டேன் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பட்டியலின் கடைசியில் நானும் இருந்தேன்.

ஆகையால் போன் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, சுருட்டி, மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அறுக்கவில்லை. இனி எதுவானாலும் கடிதத்தில் எழுது. எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

படகின் பதிவுப் பத்திரம் உன் பெயரில் இருக்கிறது என்பாய். உண்மை. வாங்கியபோது நான் குடிநீர் அலுவலகத்தில் வரைவாளன். படம் போடுகிறவனுக்குப் படகு எதற்கு என்று மேலதிகாரி கேட்டுவிடுவாரோ என்று பயந்து உன் பெயரைப் போட்டேன். முப்பது வருஷமாகிறது, இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அது என் கோழைத்தனம். அதைக் காரணமாக வைத்து நீ விற்பது நியாயமாகாது. விடுதிக்காரர் அதை நிமிர்த்தி நிறுத்தி, உள்ளே தட்டுகள் அடித்து, குளிர்பானப் பாட்டில்களை அடுக்கப் போகிறாராம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து என்னிடமே சொன்னார்.

ஏரி நடுவில் நிற்கிறதே நீரேற்றுக் கோபுரம், அதன் படங்கள் முழுவதும் என் கை போட்டவை. ஆனால் வரைவுப் பிரிவிலிருந்து ஒருவரைக்கூட அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை. போய்ப் பார்ப்பதற்காகத்தான் படகு வாங்கினேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இப்போது தோள் வலியால் வலது கை காதுக்கு மேல் எழுவதில்லை. துடுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துடுப்பைத்தான் சொன்னார், படகைச் சொல்லவில்லை. ஆகவே பழைய சிறிய மோட்டார் ஒன்றைத் தேடி வாங்கினேன். எடை பத்தொன்பது கிலோ. சமையலறையில் ஒரு முக்காலிமேல் இருக்கிறது. தாங்கியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் இன்னும் குழப்பம் இருக்கிறது.

நான்குக்கும் ஐந்துக்கும் விளக்கம் தேவையில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 8

ஸ்கேல் அண்ணாவுக்கு,

எண் போட்டுச் சண்டை பிடிக்கிற ஒரே மனுஷன் நீதான். எனக்கு எண் போட வராது. நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டு போகிறேன், வேண்டுமானால் நீயே போட்டுக்கொள்.

போனை எடுக்கவில்லை என்றதும் நான் என்ன நினைத்திருப்பேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? மூன்று நாள் அடித்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். அந்தம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க அண்ணன் சமையலறையில ஏதோ மெஷினுக்குத் துணி போத்தித் தூங்க வச்சுட்டு இருக்கார்." அந்தப் பேச்சையும் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உன் கை எழாது என்பதால் ஜன்னல் தாழ்ப்பாளைக் கழற்றித் தாழ்வாகப் பொருத்த வைத்தேன். குளியலறையில் கைப்பிடி போட்டேன். புதுக் கட்டில். நீ "சரி" என்று சொன்ன பிறகுதான் இவ்வளவும். எனக்கென்ன வேறு வேலை இல்லையா?

உன் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். அக்டோபர் மாதம் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தோள் பிடித்துக்கொண்டு, துடுப்புப் போட முடியாமல், மூன்று மணி நேரம் தண்ணீர் நடுவில் உட்கார்ந்திருந்தாயாமே. பாசி அள்ளுகிற விசைப்படகுக்காரன் கயிறு கட்டி இழுத்து வந்தானாமே. இதையும் தையல்காரம்மாதான் சொன்னாள். எட்டு மாதம் கழித்து! நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு எண் கிடையாதா?

தண்ணீரில் போனவர்களின் செருப்பையும் கண்ணாடியையும் பையில் போட்டு வீட்டாரிடம் கொடுத்த கை இது. எத்தனை தடவை என்று கணக்கு வைக்கவில்லை. உன்னுடையதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விடுதிக்காரர் ஆட்களோடும் வண்டியோடும் வருவார். சங்கிலிப் பூட்டுச் சாவியைக் கொடுத்துவிடு. தாங்கி வாங்குகிற வயசா இது?

தங்கை


ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

வியாழக்கிழமை வந்தார்கள். போய்விட்டார்கள். படகு இருக்கிறது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் விஷயத்தைச் சொல்லாதது தவறுதான். மறைக்க நினைக்கவில்லை, தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது மறைத்தது போலவே ஆகிவிட்டது. அந்த மூன்று மணி நேரமும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மோட்டார் என்ற முடிவுக்கு வந்ததே அங்கேதான்.

தாங்கி வாங்குகிற வயசா என்று கேட்டிருக்கிறாய். இந்த வயசுக்குத்தான் அது வேண்டும். எப்படி என்று சொல்கிறேன். நீ படிக்காமல் போனாலும், எழுதினால் எனக்குத் தெளியும்.

படகின் பின்பலகை இருபத்தொரு அங்குல உயரம். மோட்டாரின் தண்டு பதினைந்து அங்குலத்துக்கு ஏற்றது. பலகை மேலேயே மாட்டினால் தண்டின் நுனியில் இருக்கிற விசிறி பாதி காற்றில் சுற்றும், படகு நகராது. ஆகவே பலகைக்குப் பின்னால் ஒரு தாங்கியைப் பொருத்தி மோட்டாரைத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். ஆனால் தாழ்ந்தே இருந்தால் கரை வரும்போது விசிறி சேற்றில் குத்தும், பாசியைச் சுற்றிக்கொள்ளும். அப்போது தூக்க வேண்டும். சாதாரண ஆள் குனிந்து இரண்டு கையாலும் தூக்கிவிடுவான். நான் முடியாதவன்.

மூன்று வகை பார்த்தேன். முதலாவது, லேத் பட்டறைக்காரர் சொன்னது. "ஒரு மரக்கட்டைய வெட்டி நாலு போல்ட்டு போட்டு முடுக்கிடலாம் சார். எங்கப்பா காலத்துலேர்ந்து அதான். நீங்க எதுக்கு இவ்ளோ படம் போட்டுட்டு வர்றீங்க?" நல்ல மனிதர். ஆனால் மரக்கட்டை அசையாது. இரண்டாவது, பேட்டரியால் தானே ஏறி இறங்குவது. பித்தானை அழுத்தினால் போதும். பேட்டரி தீர்ந்துபோனால் நான் மறுபடியும் பாசிப் படகுக்காரனுக்காகக் காத்திருப்பேன்.

மூன்றாவதுதான் மனதில் நிற்கிறது. துருப்பிடிக்காத இரும்புக் கைகள், அவற்றுக்கு நடுவில் ஸ்பிரிங், நான்கு படிகள். கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்தால் மோட்டாரின் பாரத்தை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலிருந்து இடது கையால் ஒவ்வொரு படியாக ஏற்றலாம், இறக்கலாம். முதல் படி உச்சி, நான்காம் படி அடி. இதில் இரண்டு அளவு விற்கிறார்கள். சிறியது இருபத்தைந்து கிலோ மோட்டார் வரைக்கும். பெரியது முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோ வரைக்கும். பலம் கூடுதலாக இருந்தால் பத்திரம் என்று பெரியதையே சொல்லி வைத்திருக்கிறேன். பாலத்துக்குத் தூண் போடும்போதும் அப்படித்தானே, தேவைக்கு இரண்டு மடங்கு.

வெள்ளையடித்ததற்கும் தாழ்ப்பாளுக்கும் நன்றி. வரமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 19

அண்ணாவுக்கு,

"எழுத ஒன்றுமில்லை"யாமே. விடுதிக்காரர் போனில் முக்கால் மணி நேரம் சொன்னார், எனக்குக் காது சூடாகிவிட்டது.

நாலு ஆளும் வண்டியும் வந்து நின்றால், நீ படகுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தண்ணீரில்கூட இல்லை, கரையில் கட்டைமேல் ஏற்றி வைத்த படகில். இறங்குங்கள் சார் என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறாய். கடைசியில் அவர் பொறுமை போய், "சார், உங்களையும் சேத்துத் தூக்கி வண்டியில வைக்கவா?" என்று கேட்டாராம். அதற்கு நீ சொன்ன பதிலை அவர் இரண்டு தடவை சொன்னார்.

"என் எடை அறுபத்தொரு கிலோ. நான் பின்னாடி உக்காந்திருக்கேன், அதனால பின்பக்கம் ரெண்டு பேருக்குப் பதிலா மூணு பேர் நில்லுங்க. இல்லேன்னா உங்களுக்கு முதுகு போயிடும்."

அந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்களாம். அதற்கப்புறம் எப்படித் தூக்குவது? போய்விட்டார்கள். "உங்க அண்ணன் ரொம்ப சாதுன்னு சொன்னீங்களேம்மா" என்று என்னைக் கேட்கிறார். எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

சரி, அந்த ஸ்பிரிங். உன் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்றுதான் எடுத்தேன். படித்துத் தொலைத்தேன். பெரியதை வாங்காதே. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு.

ஆண்கள் வார்டுக் கட்டில்களில் தலைப்பக்கத்தைத் தூக்க ஒரு ஸ்பிரிங் உண்டு. எண்பது, தொண்ணூறு கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. ஒரு தடவை முப்பத்தெட்டு கிலோ நோயாளியை அதில் படுக்க வைத்தார்கள். நான் கொக்கியை விடுவித்ததும் தலைப்பக்கம் விருட்டென்று எழுந்து வந்து என் தாடையில் அடித்தது. மூன்று தையல். நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பலம் கூடினால் பத்திரம் என்பதெல்லாம் உன் தூணுக்குத்தான். தூண் எழுந்து வந்து அடிக்காது. ஸ்பிரிங் அடிக்கும். உன் பத்தொன்பது கிலோ அதை அமுக்கி வைக்கப் போதாது. நீ கொக்கியை எடுத்ததும் மோட்டார் உன் முகத்துக்கு வரும்.

என் தாடையில் அந்தத் தழும்பு இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. எப்படி வந்தது என்று நீ ஒரு நாள் கேட்டதில்லை.

எழுத ஆரம்பித்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். என் பேரில் முப்பது வருஷமாக ஒரு படகு. வருஷா வருஷம் பதிவைப் புதுப்பிக்கக் கையெழுத்து நான். "ஒரு தடவை ஏறிப் பாக்கிறியா" என்று என்னைக் கேட்டிருக்கிறாயா? உன் நாலாவது எண்ணைப் படித்தேன். ஏறப்போவது நான் ஒருவன்தான் என்று. இதில் புதுசாக என்ன இருக்கிறது? எப்போதும் அப்படித்தானே.

விடுதிக்காரரை ஜூலை முதல் ஞாயிறு வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் கண் முன்னால் நீ தனியாகக் கிளம்பி, கோபுரத்தைச் சுற்றி, தனியாகத் திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வேறு யார் கை பட்டாலும் படகு விடுதிக்கு, நீ மாடி அறைக்கு. சம்மதமா? "சரி" என்று மட்டும் எழுதாதே. அந்த வார்த்தையை நான் இனி நம்பமாட்டேன்.

தங்கை


ஜூன் 27

அன்புள்ள தங்கைக்கு,

சம்மதம்.

பெரிய தாங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் முதலில் முறைத்தார். நீ எழுதிய கட்டில் கதையைச் சொன்னதும், அவரே அதில் இதே எடையுள்ள மோட்டார் ஒன்றை மாட்டிப் பார்த்து, கொக்கியை விட்டார். மோட்டார் எழுந்த வேகத்தில் கூரையில் தொங்கிய கயிற்றுச் சுருள் ஆடியது. உடனே சிறியதை எடுத்துக் கொடுத்தார். அதில் என் சுண்டுவிரல் பலத்துக்கே மோட்டார் ஏறுகிறது.

தழும்பைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். பார்த்திருக்கிறேன். நீயே சொல்வாய் என்று இருந்துவிட்டேன். நான் எதையும் கேட்காதவன் என்பது எனக்குத் தெரியும். கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

படகில் ஏறச் சொல்லிக் கேட்காததும் அதே போலத்தான். உனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று எண்ணியிருந்தேன். யார் எனக்குச் சொன்னது என்று இரண்டு நாள் யோசித்தேன். யாரும் சொல்லவில்லை.

நேற்றுப் பட்டறைக்காரர் வந்து தாங்கியைப் பொருத்தினார். பின்பலகைக்கு உள்பக்கம் ஒரு தடித்த பலகை கொடுத்து, நான்கு போல்ட், அகல வாஷர், துளையைச் சுற்றித் தண்ணீர் புகாத பசை. துளைக்கு முன் ஒரு பேச்சு நடந்தது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ரெண்டு அங்குலம் கீழ எறக்கிப் போட்டுடலாமா சார்? நாளைக்கே கூட யாராச்சும் ஏறினா படகோட சாய்வு மாறும்" என்றார். கீழே இறக்கினால், உச்சிப் படியில் நிறுத்தும்போது விசிறி தண்ணீரைவிட்டு முழுதாக எழாது, பாசி சுற்றும். என் ஒருவனுடைய எடையைப் பின்னால் வைத்து அளந்தால், நான்காம் படியில் விசிறி சரியான ஆழத்தில் நிற்கிறது. "யாரும் ஏற மாட்டாங்க, நான் போட்ட கோட்டுலயே போடுங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு துளை போட்டார். நான் ஒருவரிடம் இவ்வளவு அழுத்தமாகப் பேசி வெகுகாலம் ஆகிறது.

ஆகவே நீ என்ன சொன்னாலும் நான்காவது எண் அப்படியேதான் இருக்கும்.

கரையில் கட்டிப் போட்டபடியே பதினொரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கோபுரம் வரை இன்னும் போகவில்லை. ஏன் என்றால் பயம். ஞாயிற்றுக்கிழமையும் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் போவேன். அனுமதி கேட்கவில்லை என்பதைக் கவனி. காலை ஏழு மணிக்குப் படித்துறையில் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 1

அண்ணாவுக்கு,

வருகிறேன். மிதவைச் சட்டை போட்டுக்கொள். போடாவிட்டால் படித்துறையிலேயே விடுதிக்காரரைக் கூப்பிடுவேன். அவரும் வருகிறாராம், பார்க்க.

விசில் ஒன்று இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். கழுத்தில் மாட்டிக்கொள்.

தங்கை


ஜூலை 8

ஸ்கேல் அண்ணாவுக்கு,

முதுகு வலி. முழங்காலில் சிராய்ப்பு. புடவையில் டீசல் மாதிரி ஒரு நாற்றம், டீசல் இல்லை என்று நீ பத்து தடவை திருத்தினாய், எதுவானால் என்ன, போகவில்லை.

வரும் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்தேன், அதனால் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

நீ மிதவைச் சட்டையும் விசிலும் போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். கயிற்றை நாலு தடவை இழுத்தும் மோட்டார் கிளம்பவில்லை. விடுதிக்காரர் என் பக்கத்தில் நின்று, "இது ஆவுறதில்லம்மா, வண்டிய வரச் சொல்லிடவா?" என்றார். நான் என்ன நினைத்துக்கொண்டு இறங்கினேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. உனக்காக இறங்கினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஆள் "ஆவுறதில்ல" என்று சொன்ன தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. என் அண்ணனை நான் சொல்லலாம். அவர் யார்?

"அது யார் பேர்ல இருக்கிற படகு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

ஏறியதும் நீ வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாய். அப்புறம் ஐந்தாவது தடவை இழுத்தாய், கிளம்பியது. நான் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். முன்னால் உட்கார்ந்தால்தானே எல்லாம் தெரியும். கொஞ்ச தூரத்தில் அந்த மோட்டார் போட்ட கூச்சல்! மிக்ஸியில் ஒன்றும் போடாமல் ஓடவிட்ட மாதிரி. படகு நின்றுவிட்டது. நான் செத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது நீ சொன்னாய்: "முன்னாடி இருக்காத. இங்க வா. என் பக்கத்துல வந்து உக்காரு." நான் அசையாமல் இருந்ததும், "சொல்றேன்ல, வா" என்றாய்.

அறுபத்தெட்டு வருஷத்தில் நீ எனக்குப் போட்ட முதல் உத்தரவு. வார்டில் பெரிய டாக்டரைத் தவிர யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. முழங்காலால் தவழ்ந்து வந்தேன். அந்தச் சிராய்ப்புத்தான் இது.

கோபுரம் நன்றாகத்தான் இருக்கிறது. நீ ஏன் மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் ஏணிக் கம்பிகளை அவ்வளவு நேரம் எண்ணினாய் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எழுது.

இனி கணக்கு. வேறு யார் கையும் படாமல் போக வேண்டும் என்பது நிபந்தனை. நான் ஏறிவிட்டேன். ஆகவே நீ ஜெயிக்கவில்லை. ஏறியது நான் என்பதால் நானும் ஜெயிக்கவில்லை. விடுதிக்காரருக்கு நேற்றுப் போன் செய்து, குளிர்பானத்துக்கு ஒரு பீரோ வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

பத்திரத்தில் பேரை மாற்றித் தருவேன் என்று எதிர்பார்க்காதே. தரமாட்டேன். முப்பது வருஷத்தில் ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன். மாடி அறையும் அப்படியே இருக்கும். நீ வராவிட்டால் பூட்டி வைப்பேன், வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

தங்கை


ஜூலை 12

அன்புள்ள தங்கைக்கு,

போன் வயரை மாட்டிவிட்டேன். முக்கியமானவற்றை மட்டும் இனியும் கடிதத்தில்தான் எழுதுவேன். மாடி அறைக்கு வந்து தங்கமாட்டேன். வந்து போவேன். தாழ்ப்பாள் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

ஏணியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். என் வரைபடத்தில் இருபத்துமூன்று கம்பிகள். முதன்முதல் படகில் போய்ப் பார்த்த அன்று எண்ணினேன், இருபத்திரண்டுதான் இருந்தன. கட்டியவர்கள் விட்டார்களா, நான் தப்பாக வரைந்தேனா என்று தெரியவில்லை. கேட்டால் என் தலையில் விழும் என்று கேட்கவில்லை. போகும்போதெல்லாம் எண்ணுவேன், ஒருவேளை நான்தான் எண்ணத் தெரியாதவனோ என்று. ஞாயிற்றுக்கிழமை, நான் எண்ணி முடித்ததும் நீயாகவே, "இருபத்திரண்டு" என்றாய். நீயும் எண்ணிக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இனி எண்ணத் தேவையில்லை. இரண்டு பேர் எண்ணியாயிற்று.

பதவியில் இருக்கும் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், ஒரு கம்பி குறைகிறது, ஏறுகிறவன் கால் தவறும் என்று. முப்பது வருஷம் தாமதம். கையெழுத்தைத் தெளிவாகப் போட்டேன்.

இனி மோட்டார் ஏன் கூச்சல் போட்டது என்பது. நீ முன்னால் உட்கார்ந்ததும் படகின் மூக்குத் தாழ்ந்தது, பின்பக்கம் எழுந்தது, விசிறி காற்றை விழுங்கியது. அந்த மாதிரி நேரத்தில் மோட்டாரை ஒரு படி கீழே இறக்க வேண்டும். அதற்குத்தான் ஏற்றி இறக்கும் தாங்கி. நானும் கைப்பிடியை இழுத்தேன். ஏற்கெனவே நான்காம் படியில் இருந்தது. அதற்குக் கீழே படி இல்லை. ஒருவனுக்காகப் போட்ட துளை அது. மோட்டாரை இறக்க முடியாததால்தான் உன்னை இடம் மாற்றினேன். உனக்கு உத்தரவு போட்டதாக எழுதியிருக்கிறாய். வேறு வழி இல்லாமல்தான் அப்படிப் பேசினேன். ஆனால், அப்படிப் பேசியதற்காக நான் வருத்தப்படவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

திரும்பி வரும்போது என் கெட்ட தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாய். வலித்தது. சொல்லவில்லை.

பட்டறைக்காரர் நாளை வருகிறார். பழைய துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்துவிட்டு, இரண்டு அங்குலம் கீழே புதிதாக நான்கு போடப்போகிறோம். "நான் அப்பவே சொன்னேனே சார்" என்று ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். உச்சிப் படியில் பாசி கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். எடுத்துவிடலாம், இரண்டு பேர் இருப்போமே.

முன்னால் உட்கார்ந்தால்தான் எல்லாம் தெரியும் என்கிறாய், ஆகவே முன்னால் உட்கார்ந்த கணக்கில்தான் அளக்க வேண்டும். அதற்கு உன் எடை தேவை. உடனே எழுது. ஆஸ்பத்திரித் தராசில் நின்று பார்த்து எழுது, குறைத்து எழுதாதே. குறைத்தால் மறுபடியும் கூச்சல் போடும்.

முதல் கடிதத்தில் ஐந்து எண்கள் போட்டிருந்தேன். நான்கு சரியாகவே இருக்கின்றன. நான்காவதாக எழுதியது தவறு.

அன்புடன்,
அண்ணன்